முகத்தில் இருக்கும் ஆக்சில்: 1932 ஃபோர்டுக்கான டிராப் ஆக்சில் கிட், ஒரு மதிப்புரை

மட்கார்டு இல்லாத 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை எதிரே நின்று பார்ப்பவர் கண் முதலில் கிரில்லுக்குப் போகும், அடுத்து முன் ஆக்சிலுக்கு இறங்கும். பெயிண்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சீட்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஆக்சிலையும் அதைப் பிடித்திருக்கும் கம்பிகளையும் மாற்றுவதென்றால் சேஸில் வெட்டியும் வெல்டிங் வைத்தும் செய்ய வேண்டிய வேலை. அமெரிக்காவில் ஹாட் ராட் (பழைய காரை மாற்றிக் கட்டிய வண்டி) பாகம் விற்கும் கடைகள் இந்த முன்பக்கத்தை முழு செட்டாகவே கொடுக்கின்றன. கிட் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், கட்டப்போகும் வண்டி எந்தப் பத்தாண்டின் வண்டி என்று முடிவு செய்துவிடுங்கள். அது தெரியாமல் வாங்கினால், ஒவ்வொரு பாகமும் தரமாக இருந்தும் சேர்த்துப் பார்க்கையில் ஒட்டாது. சில சமயம் ஓட்டும்போதும் ஒத்துப்போகாது.

டிராப் ஆக்சிலில் நடுப்பகுதி கீழே இறங்கியிருக்கும், இரண்டு முனைகளும் வளைந்து மேலே ஏறியிருக்கும். சக்கரம் இருந்த உயரத்திலேயே நிற்க, வண்டியின் மூக்கு மட்டும் தணியும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் கலிபோர்னியாவில் ஃபோர்டின் அசல் ஆக்சிலையே பழுக்கக் காய்ச்சி, முனைகளை இழுத்து வளைத்தார்கள். சான் டியாகோவின் எட் ஸ்டூவர்ட் அதில் பேர் போனவர். இன்று கடையில் வருவது புதிதாகவே அந்த வடிவில் செய்யப்பட்டது. 4 அங்குல டிராப்தான் அதிகம் விற்பது. சிலவற்றை டக்டைல் இரும்பில் வார்க்கிறார்கள், சில ஃபோர்ஜிங். எது என்று கேட்டு வாங்குங்கள். வார்ப்பு ஆக்சிலைப் பின்னாளில் கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) சரி செய்ய வேண்டும் என்று டார்ச் வைத்துச் சூடாக்கி வளைக்கக் கூடாது.

பெட்டியில் பொதுவாக இருப்பவை ஆக்சில், குறுக்கு லீஃப் ஸ்பிரிங், ஸ்பிரிங் தொங்கும் ஷேக்கிள், அதை ஆக்சிலில் பிடிக்கும் ஸ்பிரிங் பெர்ச், சக்கரம் மாட்டும் ஸ்பிண்டில், அது திரும்பும் ஆணியான கிங்பின் செட், ஸ்டியரிங் ஆர்ம், இரு சக்கரத்தின் ஆர்மையும் இணைக்கும் டை ராட், ஆக்சிலைச் சேஸோடு பிடிக்கும் ஹேர்பின் அல்லது ஃபோர்-பார் கம்பிகள், அவற்றுக்கான பிராக்கெட், ஷாக். பிரேக், ஹப், ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்டு ராட் ஆகியவை பல கிட்களில் இருக்காது. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையோடு இவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் இரண்டு கடைகளின் கிட்டை நியாயமாக ஒப்பிட முடியும். குரோம் பூச்சு தனிக்கணக்கு.

ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு அளவுகளைக் கவனியுங்கள். ஒன்று, கிங்பின்னிலிருந்து கிங்பின்னுக்கு உள்ள அகலம். 46 முதல் 48 அங்குலம் வரை கிடைக்கும். மட்கார்டு போடும் வண்டிக்குக் குறுகியதே நல்லது, ஏனென்றால் டிஸ்க் பிரேக் கிட் பெரும்பாலும் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளும். இரண்டாவது, பெர்ச் போல்ட் நுழையும் இடத்தில் ஆக்சிலின் தடிமன். 2 அங்குலத்திலும் 2¼ அங்குலத்திலும் வருகிறது. பழைய ஃபோர்டு விஷ்போனையோ (ஆக்சிலைப் பிடிக்கும் V வடிவக் கம்பி) வேறு கடையின் ஹேர்பின்னையோ பயன்படுத்தப்போகிறவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால், கால் அங்குலத்துக்காகப் பார்சலைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும்.

அடுத்தது ரசனையும் இயந்திரவியலும் ஒன்றோடொன்று மோதும் இடம். ஆக்சில் இரண்டு வகை: ஐ-பீம், உள்ளீடற்ற குழாய். முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பிகளும் முக்கியமாக இரண்டு வகை: பின்னால் ஒரே முனையில் சேரும் ஹேர்பின், இணையாக ஓடும் ஃபோர்-பார். பட்டியலில் நான்கு ஜோடிகளும் சாத்தியம் போலத் தோன்றும். உண்மையில் ஒரு ஜோடியைத் தொடவே கூடாது.

ஃபோர்டின் அசல் விஷ்போன் ஆக்சிலின் இரு முனையையும் பிடித்து, பின்னால் ஒரே ஒரு பந்து மூட்டில் வந்து முடியும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மொத்த அமைப்பும் அந்த ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும், ஆக்சிலுக்கு முறுக்கு விழாது. பெரிய எஞ்சினுக்கும் வேறு கியர்பாக்ஸுக்கும் இடம் வேண்டி அந்த விஷ்போனை நடுவில் பிளந்து, பின்முனைகளை இரண்டு பக்க சேஸ் கம்பிகளில் மாட்டினார்கள். ஹேர்பின்னும் வேலையில் அதே போலத்தான். இப்போது ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால், ஆக்சிலின் ஒரு முனை முன்னோக்கியும் மறுமுனை பின்னோக்கியும் திரும்பப் பார்க்கும். ஐ-பீம் திறந்த வடிவம் என்பதால் முறுக்குக்கு வளைந்துகொடுக்கும். குழாய் மூடிய வடிவம், முறுக்குக்கு அசையாது. அசையாத ஆக்சிலில் அந்த விசை எங்கே போகும்? ஹேர்பின்னின் திருகு முனைக்கும், பிராக்கெட்டின் வெல்டிங்குக்கும், சேஸ் பிராக்கெட்டின் போல்ட்டுக்கும்தான். ஒருநாள் அங்கே விரிசல் தெரியும். ஆகவே குழாய் ஆக்சில் என்றால் ஃபோர்-பார் மட்டுமே. ஐ-பீமுக்கு இரண்டும் பொருந்தும். கவுண்டரில் ஹேர்பின்னோடு குழாய் ஆக்சிலை எடுத்து வைத்து 'எல்லோரும் போடுகிறார்கள்' என்று யாராவது சொன்னால், வேறு கடை பாருங்கள்.

ஃபோர்-பாரில் மேலும் கீழுமாக இணையான இரண்டு கம்பிகள். ஆக்சில் ஏறி இறங்கினாலும் கேஸ்டர் கோணம் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் அளவு) கிட்டத்தட்ட மாறாது. முனைகளில் புஷ் இருப்பதால் அதிர்வும் குறையும். ஹேர்பின்னில் ஆக்சில் ஏறும்போது கேஸ்டர் கொஞ்சம் மாறும். கம்பி நீளமாக இருந்தால் மாற்றம் குறைவு, ஆகவே அழகுக்காகக் குட்டையான ஹேர்பின் வாங்காதீர்கள். ஓட்டும் சுகத்துக்கு ஃபோர்-பார், தோற்றத்துக்கு ஹேர்பின் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. முன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒழுங்காக இருந்தால் சாலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தோற்றத்தில் உள்ள வித்தியாசம் மட்டும் தெருமுனையிலிருந்தே தெரியும்.

ஆண்டுகளைப் பொருத்திப் பார்க்கலாம். 1940களில் உலர்ந்த ஏரிப் படுகையில் ஓடிய பந்தய வண்டிகளின் பாணியில் கட்டுபவருக்குப் பிளந்த விஷ்போனும், கறுப்போ சேஸின் நிறமோ அடித்த ஐ-பீமும் போதும், குரோம் தேவையே இல்லை. 1950இல் ஓக்லாண்டு கண்காட்சி அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டருக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கிய காலத்தை ஒட்டியவருக்கு ஹேர்பின்னும் குரோம் அடித்த ஆக்சிலும் ஒட்டும். ஃபோர்-பார் 1970களின் அடையாளம். பீட் சப்போரிஸும் ஜிம் ஜேக்கப்ஸும் தொடங்கிய பீட் அண்ட் ஜேக்ஸ் கடை அதைப் பரப்பியதில் பெரிய பங்கு வகித்தது. குரோம் குழாய் ஆக்சில், ஃபோர்-பார், டிஸ்க் பிரேக், செவர்லே 350 எஞ்சின் என்ற கூட்டணி அந்தக் காலத்து ஸ்ட்ரீட் ராட்களில் வீதிக்கு வீதி இருந்தது. 1980களில் பாய்ட் காடிங்டன் பட்டறையின் வழுவழுப்பான, அலுமினியக் கட்டியில் குடைந்த பாகங்களோடு கூடிய பாணி வந்தபோது நேர் ஆக்சிலே (இரு சக்கரத்தையும் ஒரே கம்பியாக இணைக்கும் ஆக்சில்) பழசு என்றானது. பிறகு காற்று திரும்பியது. 1997இல் பெப்பிள் பீச் கார் அழகுப் போட்டி ஹாட் ராட்களுக்கு இடம் கொடுத்தது, முதல் பரிசு டோன் ஸ்பென்சர் கட்டிய 1932 ரோட்ஸ்டருக்குப் போனது. அதை ஒட்டிய வருடங்களில் ஐ-பீமும் ஹேர்பின்னும் பட்டியல்களின் முதல் பக்கத்துக்கு ஏறின. ஃபோர்-பார் மாட்டிய வண்டியைக் குறைவாகப் பேசுவது இன்று சிலருக்கு ஃபேஷன். அதுவும் இப்போது ஐம்பது வருடப் பழைய பாணிதான், அதற்கும் ஒரு சுற்று வரும்.

துளை போட்ட ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ-பீமின் நடுத்தகட்டில் வரிசையாகத் துளையிடுவது ரேஸ் வண்டியில் எடை குறைக்க வந்த வழக்கம், இப்போது அலங்காரம். நடுத்தகட்டில் வளைவு விசை குறைவு என்பதால் கடையிலேயே அளவோடு துளையிட்டு வரும் ஆக்சிலில் பயம் இல்லை. வீட்டு டிரில்லில் போடுவதாக இருந்தால் மேல், கீழ் விளிம்புகளைத் தொடாதீர்கள், துளையின் ஓரத்தை மழுக்கிவிடுங்கள். கூரிய ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். குரோமிலும் எச்சரிக்கை வேண்டும். கடினமாக்கிய எஃகுப் பாகங்கள் பூச்சுத் தொட்டியில் ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மைக்குப் போகும். பூச்சு முடிந்ததும் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும் பட்டறையிடம் மட்டும் கொடுங்கள். ஸ்டியரிங் ஆர்மைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்குக் குரோம் வேண்டவே வேண்டாம்.

கிட்டில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது கிங்பின், மிக அதிகமாகத் தொல்லை தருவதும் அதுதான். ஸ்பிண்டிலில் புது புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் கிங்பின் நேராக உள்ளே போகாது. மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நீளமான ரீமரால் (துளையைத் துல்லியமாகக் கடையும் கருவி) ஒரே ஓட்டத்தில் துளைக்க வேண்டும், அல்லது ஹோன் செய்ய வேண்டும். எண்ணெய் தடவிய கிங்பின் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்க வேண்டும், ஆனால் ஆட்டம் இருக்கக் கூடாது. புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக வந்திருக்கிறதா என்று ஏற்றும் முன்பே பாருங்கள். த்ரஸ்ட் பேரிங் ஆக்சிலுக்கு அடியில், ஆக்சிலுக்கும் ஸ்பிண்டிலின் கீழ்க்காதுக்கும் நடுவே உட்கார வேண்டும், அதன் மூடிய பக்கம் மேலே. தலைகீழாகப் போட்டால் தண்ணீரும் மண்ணும் தங்கி வேகமாக அரிக்கும். மேல் இடைவெளியை ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்து, ஸ்பிண்டில் இறுகாமலும் மேலும் கீழும் தளராமலும் சுழலும்வரை குறைக்கவும். ஆக்சிலில் குறுக்கே இறங்கும் பூட்டு ஆணி கிங்பின்னின் வெட்டில் சரியாகப் பதிந்து நட்டு இறுக வேண்டும். அது பதியாவிட்டால் கிங்பின் ஆக்சிலுக்குள்ளேயே திரும்பும், ஆக்சிலின் துளை தேயும், பிறகு ஆக்சிலையே மாற்ற வேண்டியதுதான். முன்பே ரீம் செய்து ஜோடியாகப் பூட்டி அனுப்பும் கடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு அல்ல.

ஸ்டியரிங் ஆர்மில் கிட்டுக்குக் கிட்டு தரம் மாறுகிறது. ஆக்சில் இறங்கியதும் டை ராட் விஷ்போனிலோ ஹேர்பின்னிலோ முட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அதனால் கீழ்நோக்கி வளைந்த ஆர்ம் தேவை. சில கிட்களில் அசல் வடிவ ஆர்மையே போட்டு அனுப்புகிறார்கள், வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது, திருப்பும்போதுதான் உரசும். டை ராட்டை ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவரும் ஆர்மையும் விற்கிறார்கள், எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு இடம் கிடைக்கும் என்பதற்காக. ஆர்மின் துளை கிங்பின்னுக்கு வெளிப்பக்கமாக, சக்கரத்தை நோக்கிச் சாயாவிட்டால் அக்கர்மன் கோணம் தலைகீழாகும். திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும், இங்கே குறைவாகத் திரும்பி டயரை இழுத்துத் தேய்க்கும். முன்னால் வைக்க வேறு வழியே இல்லையென்றால் ஒழிய, பின்னால் வையுங்கள்.

ஸ்டியரிங் பாக்ஸ் எதுவோ அதைப் பொறுத்துத்தான் பேன்ஹார்டு ராட் முடிவாகும். செவர்லே வேகா காரின் ஸ்டியரிங் பாக்ஸ் வைத்துக் குறுக்காகத் தள்ளும் முறையில், டிராக் லிங்க் ஆக்சிலின் மறுபக்க ஆர்மைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஸ்பிரிங் ஷேக்கிளில் தொங்குவதால் சக்கரம் திரும்பும் முன் ஆக்சிலே பக்கவாட்டில் நகரும், ஸ்டியரிங் வீலில் பிடிப்பில்லாத ஒரு தளர்வாக அது தெரியும். பேன்ஹார்டு ராட் கட்டாயம். அதன் நீளமும் சாய்வும் டிராக் லிங்கோடு ஒத்திருக்க வேண்டும், சேஸில் பிடிப்பது ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும் பக்கத்தில். எதிர்ப்பக்கம் பிடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். 1950களின் ஃபோர்டு எஃப்-100 டிரக் பாக்ஸ் வைத்து, டிராக் லிங்கை முன்பின்னாக ஓட்டும் பழைய முறையில் குறுக்குத் தள்ளல் இல்லை. அங்கே டிராக் லிங்கின் கோணம் ஹேர்பின்னோடு இணையாக ஓடுகிறதா என்பதே கேள்வி. பாணி விரும்பிகள் இந்த முறையைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணுக்கும் காரணம் உண்டு. வண்டியின் பக்கவாட்டில் அந்த நீண்ட கம்பி தெரிவதே ஓர் அழகு.

உயரத்தைப் பற்றி. 4 அங்குல ஆக்சிலோடு, கண்கள் (முனை வளையங்கள்) தலைகீழாகச் சுருட்டிய மெயின் லீஃப் சேர்த்தால் இன்னும் ஏறக்குறைய 1 அங்குலம் இறங்கும். 1932 சேஸில் ஃபோர்டு மாடல்-ஏ முன் கிராஸ்மெம்பர் (சேஸின் குறுக்குச் சட்டம்) மாட்டுவது மற்றொரு பழைய தந்திரம், அதிலும் சுமார் 1 அங்குலம். மூன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டு, ஆக்சில் சேஸில் இடிக்கிறது என்று கிட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே குறைந்தது 2 அங்குல ஓட்டமாவது வேண்டும், ரப்பர் பம்ப் ஸ்டாப்பும் வேண்டும். ஸ்பிரிங்கின் லீஃபைக் கழற்றுவதும் சேர்ப்பதும் எஞ்சின், ரேடியேட்டர், தண்ணீர், எண்ணெய் எல்லாம் ஏறியபின் செய்யும் வேலை. முழு எடையில் ஷேக்கிள் 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். செங்குத்தாக நின்றால் பக்கவாட்டு ஆட்டம், படுத்துவிட்டால் ஸ்பிரிங் இறுகிக் கல்லாகும். வெற்று சேஸில் பார்த்துவிட்டு ஸ்பிரிங் சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ரசனைக்காரர்கள் விட்டுக்கொடுக்கும் இடம் பிரேக். ஃபோர்டு 1939இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது. அந்த 12 அங்குல டிரம் பழைய பாணிக்கு நேர்மையான தேர்வு, லேசான ரோட்ஸ்டருக்குப் போதுமானதும்கூட. ஆனால் ஷூவை டிரம்மின் வளைவுக்கு ஏற்ப ராவி, இரண்டு பக்கமும் சமமாக அட்ஜஸ்ட் செய்யாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க் போட்டு, அதன்மேல் ப்யூக் டிரம் போலத் துடுப்புள்ள அலுமினிய மூடி மாட்டும் கிட்டும் வருகிறது. நல்ல சமரசம், கிட்டத்தில் வந்து குனிந்தால் தவிர பொய் தெரியாது. மூடிக்குள் வெப்பம் தங்கும், மலைப்பாதையில் அதிகம் ஓட்டுபவர் யோசிக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரைத் தரைக்கு அடியில் வைப்பதால் அது காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும், பிரேக் எண்ணெய் பின்னோக்கி வடிந்து பெடல் முதல் மிதியில் தரைவரை போகும். டிஸ்க் குழாயில் 2 பி.எஸ்.ஐ., டிரம் குழாயில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (அந்த அழுத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைப்பது) போட வேண்டும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் டிஸ்க் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே ஓடிச் சிவக்கும். இந்த இரண்டு சின்ன வால்வையும் கிட்டோடு கொடுக்காத கடைகள்தான் அதிகம்.

எல்லாம் மாட்டியபின் அலைன்மென்ட். கேஸ்டர் 5 முதல் 7 டிகிரிக்குள், இரு பக்கமும் சமம். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி ஒடுங்கும் அளவு) ரேடியல் டயருக்கு 1/16 அங்குலம், பழைய வகைப் பயாஸ் டயருக்கு 1/8 வரை. முன்னால் ஒடுங்கிய 5.60-15, பின்னால் பருத்த 8.20-15 பயாஸ் டயர்கள் வண்டிக்குத் தரும் சாய்வை எந்த ரேடியலும் தராது, உண்மைதான். ஆனால் அவை சாலைப் பள்ளத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், இரவு முழுக்க நின்றால் காலையில் கொஞ்ச தூரம் தடதடக்கும். பழைய தோற்றத்தில் ரேடியலாகவே செய்யும் டயர்கள் இப்போது இருக்கின்றன, தினம் ஓட்டுபவர் அதைத்தான் எடுக்க வேண்டும். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் உதறத் தொடங்குவதுதான் நேர் ஆக்சில் மீது சொல்லப்படும் பெரிய புகார். உடனே ஸ்டியரிங் டேம்பர் வாங்கி மாட்டுவார்கள். டேம்பர் நோயை மூடுமே ஒழிய நீக்காது. முதலில் டயர் பேலன்ஸும் வட்டமும், பிறகு வீல் பேரிங், கிங்பின் ஆட்டம், டை ராட் முனைகள், டோ-இன், கேஸ்டர், கடைசியில் பேன்ஹார்டு ராட்டின் புஷ் என்ற வரிசையில் போங்கள். அநேகமாக இந்த வரிசையின் முதல் பாதியிலேயே காரணம் அகப்படும்.

ஃபோர்டு மஸ்டாங்-2 வகைத் தனித்த (ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும்) முன்பக்கத்தை இதோடு ஒப்பிடாமல் விட முடியாது. 1974 முதல் 1978 வரை வந்த அந்தக் காரின் அமைப்பை ஒட்டிச் செய்த கிராஸ்மெம்பர், கட்டுப்பாட்டுக் கைகள், ரேக் ஸ்டியரிங். நெடுஞ்சாலையில் அதுதான் அமைதி. 1935 முதல் 1948 வரையிலான, முன்பக்கம் மட்கார்டுக்குள் மறையும் வண்டிகளுக்கு எங்கள் பரிந்துரை அதுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பாணிக்காகச் சிரமப்பட வேண்டாம். மட்கார்டு இல்லாத 1932க்கு மட்டும் அது வேண்டாம். ஸ்பிரிங்கும் கைகளும் வெளியே பிதுங்கி நிற்கும் தோற்றத்தை 1980களின் பாணியில் முழு வண்டியையும் கட்டுபவர் தவிர வேறு யாராலும் சமாளிக்க முடியாது.

எங்கள் தேர்வு இது: மட்கார்டு இல்லாத 1932க்கு, ஃபோர்ஜிங் ஐ-பீம், 4 அங்குல டிராப், துளை இல்லாமல், நீண்ட ஹேர்பின், ரீம் செய்து வரும் ஸ்பிண்டில், வளைந்த ஸ்டியரிங் ஆர்ம், பெயிண்ட் பூச்சு. குழாய் ஆக்சிலும் ஃபோர்-பாரும் சேர்ந்த கிட் 1970களின் வண்டி கட்டுபவருக்கு முழு மதிப்பெண். முழு செட்டில் ஏதாவது ஒன்றை மட்டும் தனியாக வாங்கிக் காசு மிச்சப்படுத்த நினைத்தால், கிங்பின் வேலையில் கை வைக்காதீர்கள், குரோமில் வையுங்கள். எப்படியும் முதல் அலைன்மென்ட், முதல் உரசல், முதல் ஸ்பிரிங் திருத்தம் என்று இந்த ஆக்சில் இரண்டு மூன்று முறை கழன்று மாட்டப்படும், பெயிண்டைத் தொட்டுக்கொள்வது எளிது.